ஒரு நாவல், நான்கு சொற்கள்: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையிலிருந்து புதிய சொற்களைக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக வகுப்பில் ஒரு சிறுவர் நாவலை எடுத்துக்கொண்டபோது, முதல் அத்தியாயத்திலிருந்து மட்டும் 26 சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பொருளோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு வைத்தேன், பெரும்பாலானோர் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த 26-இல் ஒரு சொல் திரும்ப வந்தது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதைவிட எனக்கு வலித்தது வேறு. "இன்னைக்கும் கதைப் புத்தகமா டீச்சர்?" என்று ஒரு பெண் சலிப்போடு கேட்டாள். சொல்லும் நிற்கவில்லை, கதையும் கசந்துவிட்டது.

அதன் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றுதான். சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன், ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகள் சந்திக்கும் தடவைகளைக் கூட்டினேன். கீழே வருவதெல்லாம் அதைச் செய்யும் முறை.

"கதை படித்தாலே சொற்கள் தானாக வந்துவிடாதா?" என்று கேட்கலாம். வரும், மெதுவாக வரும். இதைப் பற்றி நடந்த பல ஆய்வுகளை ஸ்வான்போர்ன், டி குளோப்பர் என்ற இருவர் 1999-இல் தொகுத்துப் பார்த்தார்கள். படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் மனதில் தங்குகிறது என்று கணக்கு வந்தது. நிறையப் படிக்கும் பிள்ளைக்கு அந்த 15 சதவீதமே பெரிய செல்வம். குறைவாகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் நம் கை தேவைப்படுகிறது.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்துக்கொண்ட நாவலில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்:

"பூட்டிக் கிடந்த நூலகத்தின் கதவு அன்று பாதி திறந்திருந்தது. உள்ளே மங்கலான வெளிச்சம். கயல் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் தயங்கினாள். 'பயமா?' என்று ஏளனமாகக் கேட்டான் இனியன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளிருந்து வந்த சலசலப்பைக் கூர்ந்து கேட்டாள். அலமாரிகளில் எல்லாம் ஒட்டடை. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் நைந்துபோன சிவப்பு அட்டையோடு ஒரு நோட்டு."

படி 1: பென்சிலோடு நீங்கள் முதலில் படியுங்கள்

நாவலை முழுவதும் படித்து முடித்த பிறகுதான் முதல் அத்தியாயத்தை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த நாளுக்கான அத்தியாயத்தை மட்டும் முந்தின இரவு படித்துக்கொண்டு போனால், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வரப்போகிறது என்பது தெரியாமல் போய்விடும். ஒரு சொல் 2-ஆம் அத்தியாயத்திலும் 7-ஆம் அத்தியாயத்திலும் 11-ஆம் அத்தியாயத்திலும் வருகிறதென்றால், அதைக் கற்றுத்தரும் வேலையில் பாதியை எழுத்தாளரே செய்து வைத்திருக்கிறார்.

படிக்கும்போது, உங்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று தோன்றும் எல்லாச் சொற்களுக்கும் கீழே கோடு போடுங்கள். இப்போது வடிகட்ட வேண்டாம். பக்க ஓரத்தில் அந்தச் சொல் மறுபடி வரும் அத்தியாய எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சலித்தெடுங்கள்

என் அனுபவத்தில் மிகக் கடினமான படி இதுதான். ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குக்கன் என்ற மூவர் 2002-இல் விரிவாக எழுதிய ஒரு பாகுபாடு இதற்குப் பெரிய உதவி. சொற்களை அவர்கள் மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கில் கதவு, மேசை, ஓடு போன்ற அன்றாடச் சொற்கள். இவற்றைக் கற்றுத்தரத் தேவையில்லை. மூன்றாம் அடுக்கில் ஒளிச்சேர்க்கை, தீபகற்பம் போன்ற துறைச் சொற்கள். அவற்றை அந்தந்தப் பாடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நடு அடுக்குதான் நமக்கு வேண்டியது. பேச்சில் அதிகம் வராமல், எழுத்தில் எங்கு பார்த்தாலும் வரும் சொற்கள் அவை.

நம் பத்திக்கு வருவோம். கோடு போட்டவை மங்கலான, தயங்கு, ஏளனம், சலசலப்பு, கூர்ந்து, ஒட்டடை, நைந்துபோன என்ற ஏழு. இவற்றில் ஆழமாகக் கற்றுத்தர நான் எடுத்துக்கொள்வது தயங்கு, ஏளனம், கூர்ந்து என்ற மூன்றைத்தான். காரணம் சொல்கிறேன். தயங்குவதற்கு நூலகக் கதவு வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தயங்கலாம், நண்பனிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்கலாம், நீச்சல் குளத்தில் குதிக்கத் தயங்கலாம். எந்தக் கதைக்குப் போனாலும் அந்தச் சொல் கூடவே வரும். ஏளனம் இனியனின் குணத்தைக் காட்டுகிறது. அது புரியாவிட்டால் பின்னால் அவன் மாறுவதும் புரியாது. கூர்ந்து என்பது கேட்பதற்கும் பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் பொருந்தும்.

ஒட்டடைக்கு ஒரு படம் போதும். மங்கலுக்கு விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டால் போதும். சலசலப்பு, அந்த ஒலியை வாயால் எழுப்பிக் காட்டினாலே புரியும். நைந்துபோன என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சந்தேகம் வரும்போது என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. இந்தச் சொல் வேறு புத்தகத்திலும் வருமா? இது தெரியாவிட்டால் கதையில் ஏதாவது இழப்பு உண்டா? பிள்ளை இதைத் தன் வாழ்க்கையில் சொல்லிப் பார்க்க இடம் உண்டா? மூன்றில் இரண்டுக்காவது "ஆமாம்" வரவேண்டும்.

எண்ணிக்கை: 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை அத்தியாயத்துக்கு நான்கு, அதற்குக் கீழே இரண்டு அல்லது மூன்று. 20 அத்தியாயம் கொண்ட நாவலுக்கு 80 சொற்கள். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். 80 சொற்கள் பிள்ளையின் சொந்தச் சொற்களாகிவிட்டால் அது மிகப் பெரிய விஷயம்.

படி 3: எந்தச் சொல்லை எப்போது?

படிப்பதற்கு முன், படிக்கும்போது, படித்த பின் என்று மூன்று நேரங்கள் இருக்கின்றன. பலர் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். கதை தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் களைத்துப்போவது அதனால்தான்.

படிப்பதற்கு முன்பு, அது தெரியாவிட்டால் அத்தியாயமே புரியாது என்ற நிலையில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். பல அத்தியாயங்களுக்கு அப்படி ஒன்றுகூட இருக்காது.

படிக்கும்போது, நிற்காமல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். "அலமாரிகளில் எல்லாம் ஒட்டடை, அதாவது தூசி படிந்த பழைய சிலந்தி வலை." அவ்வளவுதான். அதே குரலில், அதே வேகத்தில் அடுத்த வரி. தயங்கினாள் என்ற இடத்திலும் குரலைச் சற்று இழுத்து, ஒரு காலை முன்னே வைத்து நிறுத்திக் காட்டிவிட்டுத் தொடருங்கள். கயல் உள்ளே போவாளா மாட்டாளா என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அகராதியைத் திறக்கக் கூடாது.

ஆழமான பாடம் எல்லாம் படித்த பின்புதான். கதை மனதில் சூடாக இருக்கும். காட்சியைச் சொன்னாலே சொல் வந்து நிற்கும்.

படி 4: அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

ஒரு சொல் தெரியும், தெரியாது என்று இரண்டு நிலைதான் என்று நினைத்துவிடுகிறோம். எட்கர் டேல் 1965-இல் இதை நான்கு நிலைகளாகச் சொன்னார். பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டிருக்கிறேன் ஆனால் பொருள் தெரியாது, வாக்கியத்தில் வந்தால் ஓரளவு புரியும், நன்றாகத் தெரியும். வகுப்பில் இதை விரல் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் நெஞ்சருகே ஒன்று முதல் நான்கு விரல் வரை காட்ட வேண்டும். கையை உயர்த்தச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காட்டுவார்கள். நெஞ்சருகே என்றால் உண்மையைக் காட்டுவார்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். எல்லோரும் நான்கு விரல் காட்டினால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அந்தக் கருத்து பேச்சு மொழியில் தெரிந்திருக்கும், எழுத்து மொழிச் சொல்தான் புதிதாக இருக்கும். ஏளனம் தெரியாது என்று ஒரு விரல் காட்டிய பிள்ளைக்குக் கிண்டல் நன்றாகத் தெரியும். பேச்சுச் சொல்லைத் தப்பு என்று ஒதுக்காமல் அங்கிருந்தே தொடங்குங்கள். "கிண்டல் தெரியும் இல்லையா? அதில் மனசு நோகிற மாதிரி ஒரு கிண்டல் உண்டு. நீயெல்லாம் எனக்குச் சமமா என்று நினைத்துக்கொண்டு செய்வது. அதுதான் ஏளனம்." தெரிந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று காட்டினால் பிள்ளை பயமில்லாமல் போகும்.

படி 5: விளக்கத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்

வகுப்பில் நின்றுகொண்டு நல்ல விளக்கம் சொல்ல யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன். முந்தின நாளே எழுதிப் பார்க்க வேண்டும்.

அகராதியைப் பிள்ளையின் கையில் முதலில் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா கில்டியா இருவரும் 1987-இல் அழகாகக் காட்டினார்கள். தூண்டுதல் என்ற பொருள் தரும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் "கிளறிவிடு" என்றும் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிள்ளை, ஒரு பெண்மணி சூப்பைத் "தூண்டினார்" என்று வாக்கியம் எழுதியது. பிள்ளையின் தவறு இல்லை. அகராதி கொடுத்ததை அது அப்படியே எடுத்துக்கொண்டது.

தமிழிலும் இதுதான். பழைய பெரிய அகராதிகளில் தயங்குதல் என்பதற்கு ஒளிவிடுதல், அசைதல் என்ற பொருள்களும் இருக்கும். கண்ணில் முதலில் பட்டதை எடுத்துக்கொண்டு "விளக்கு தயங்கியது" என்று ஒரு பிள்ளை எழுதினால் நாம் குறை சொல்ல முடியாது. ஏளனத்துக்கு இகழ்ச்சி, எள்ளல், பரிகாசம் என்று இருக்கும். தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத மூன்று சொற்கள்.

நல்ல விளக்கத்துக்கு நான் வைத்திருக்கும் அச்சு இது: "ஒருவர் … போது, அவர் … என்று சொல்கிறோம்."

தயங்கு: ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று உறுதியில்லாமல் ஒருவர் கொஞ்ச நேரம் நின்றுவிடும்போது, அவர் தயங்குகிறார் என்று சொல்கிறோம்.

கூர்ந்து: வேறு எதிலும் மனதை விடாமல் ஒன்றையே ஒருவர் கவனிக்கும்போது, அவர் கூர்ந்து பார்க்கிறார் அல்லது கூர்ந்து கேட்கிறார் என்று சொல்கிறோம்.

விளக்கத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் அந்த வகுப்பின் கடைசிப் பிள்ளைக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். தெரியாத ஒன்று இருந்தாலும் மறுபடி எழுதுங்கள்.

"சூழலைப் பார்த்து ஊகி" என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். எல்லாச் சூழலும் உதவாது என்று பெக் குழுவினர் 1983-இலேயே காட்டினார்கள். சில சூழல்கள் தவறான பக்கம் இழுத்துவிடும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். நம் பத்தியில் "பயமா?" என்று இனியன் கேட்கிறான். ஏளனம் என்ற சொல் தெரியாத பிள்ளை, அவன் அன்பாக, அக்கறையாகக் கேட்கிறான் என்றே ஊகிக்கும். அது நியாயமான ஊகமும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் "யோசித்துப் பார்" என்று ஐந்து நிமிடம் காத்திருக்காமல் பொருளை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஊகிக்கும் பழக்கத்தைத் துப்புத் தெளிவாக இருக்கும் வேறு பத்தியில் வளர்க்கலாம்.

படி 6: சொல்லை அறிமுகப்படுத்தும் அந்த எட்டு நிமிடம்

ஒரு சொல்லுக்கு எட்டு நிமிடம் ஒதுக்குங்கள். தயங்கு என்ற சொல்லை நான் நடத்தும் விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கதைக்குள் போகிறோம். "கயல் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் தயங்கினாள்" என்ற வரியை வாசிக்கிறேன். சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன். எல்லோரும் இரண்டு முறை சொல்கிறார்கள். வாயில் வராத சொல் மனதில் நிற்காது, அதனால் இதை விடுவதே இல்லை. அப்புறம் விளக்கம்.

அடுத்து கதையை விட்டு வெளியே வருகிறோம். இந்த அசைவுதான் மிக முக்கியம். கதைக்குள்ளேயே நிறுத்திவிட்டால், தயங்குதல் என்றால் இருட்டான வாசலில் நிற்பது என்றே பிள்ளை வைத்துக்கொள்ளும். எனவே கதவோ பயமோ இல்லாத மூன்று சூழல்கள் சொல்வேன். பரிசாக வந்த இரண்டு பெட்டிகளில் எதைத் திறப்பது என்று தெரியாமல் நிற்கும் பையன். விடை தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று பாதி தூக்கிய கையை இறக்கும் சிறுமி. பள்ளத்தைத் தாண்டும் முன் ஒரு நொடி நின்று பார்க்கும் நாய்க்குட்டி.

பிறகு அவர்கள் முறை. நான் ஒன்று சொல்வேன், அது தயக்கமா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும், காரணத்தோடு.

"மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக வெளியே ஓடினான்."

"இல்லை டீச்சர்!"

"ஏன் இல்லை?"

"அவன் நிக்கவே இல்லையே."

"நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்."

இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும். "அவ நின்னுட்டாளே" என்று ஒரு பக்கம். "தூங்குறவங்க யோசிக்க மாட்டாங்களே" என்று மறுபக்கம். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "தயங்குறவங்க மனசுக்குள்ள ரெண்டு பேர் பேசணும் டீச்சர்" என்றான். நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. அதையே சுவரில் எழுதி ஒட்டினோம்.

கடைசியாக ஒரு வாக்கியத் தொடக்கம் கொடுப்பேன்: "நான் ஒருமுறை … தயங்கினேன், ஏனென்றால் …" அந்த "ஏனென்றால்" இல்லாவிட்டால் "நான் தயங்கினேன்" என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். காரணம் எழுதும்போதுதான் சொல் உள்ளே இறங்குகிறது.

படி 7: சொல்லின் குடும்பத்தைக் காட்டுங்கள்

தமிழில் கற்றுத்தருபவருக்குக் கிடைத்த பெரிய கொடை இது. புத்தகத்தில் இருப்பது தயங்கினாள். அகராதியில் அப்படி ஒரு சொல் கிடைக்காது, தயங்கு என்றுதான் தேட வேண்டும். கூர்ந்து என்பதற்குக் கூர் என்றும், நைந்துபோன என்பதற்கு நை என்றும் பார்க்க வேண்டும். வால் பகுதியைக் கழற்றி வேரைக் கண்டுபிடிக்கும் வேலையை வாரத்துக்கு ஒரு முறையாவது கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி.

அப்புறம் தயங்கு என்பதிலிருந்து தயக்கம் வருவதைக் காட்டுங்கள். கரும்பலகையில் இடப்பக்கம் மயங்கு, இயங்கு, நெருங்கு, சுருங்கு, கலங்கு, ஏங்கு, வீங்கு, தூங்கு என்று எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். முதல் இரண்டை நீங்கள் நிரப்பினால் மிச்சத்தை அவர்களே கத்துவார்கள்: நெருக்கம், சுருக்கம், கலக்கம், ஏக்கம், வீக்கம், தூக்கம். எல்லாம் முடிந்ததும் கடைசியில் வணங்கு என்று எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். ஒரு நொடி அமைதி. பிறகு யாராவது ஒருவர் மெதுவாக "வணக்கம்" என்பார். தினமும் காலையில் சொல்லும் சொல் அங்கிருந்து வந்தது என்று தெரியும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

யாராவது வாங்கு என்பதற்கு "வாக்கம்" என்று சொல்வார்கள். சிரிக்க விடாதீர்கள். விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் அப்படிச் சொல்லும். "நீ கண்டுபிடித்த வழி சரி. இந்தச் சொல்லைப் போலச் சில சொற்கள் அந்த வழியில் போவதில்லை" என்று சொல்லிப் பாராட்டுங்கள்.

ஏளனத்துக்கு வேறு வகையான குடும்பம். அங்கே பொருளின் சாயலைப் பார்க்க வேண்டும். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் "சேர்ந்து சிரிப்பது" என்றும் மறுமுனையில் "மனதைக் காயப்படுத்துவது" என்றும் எழுதுங்கள். வேடிக்கை, கேலி, கிண்டல், ஏளனம் என்ற நான்கு அட்டைகளை நான்கு பேரிடம் கொடுத்து, கோட்டில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். கேலியும் கிண்டலும் இடம் மாறி மாறி நிற்கும், சண்டைகூட வரும். ஒரே முடிவுக்கு வரத் தேவையில்லை. ஏளனம் மட்டும் எப்போதும் கடைசி முனைக்கே போய் நிற்கும். அன்று மாலை விளையாட்டு மைதானத்தில் ஒருவன் இன்னொருவனிடம், "இது கிண்டல் இல்ல, ஏளனம்" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

படி 8: வாரம் முழுவதும் சந்திப்புகள்

முதல் நாள் அறிமுகம் முடிந்தால் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மறதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அதே சொல்லைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம் போதும்.

அந்த நான்கு நிமிடத்தில் விளக்கத்தைத் திரும்ப வாசிப்பதைவிட, மனதிலிருந்து எடுக்க வைப்பது அதிகப் பலன் தரும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது கல்லூரி மாணவர்களை. சிறு பிள்ளைகளிடமும் அது வேலை செய்வதை நான் தினமும் பார்க்கிறேன். எனவே காட்சியைச் சொல்லிச் சொல்லைக் கேளுங்கள். "கயல் வாசற்படியில் நின்றாள், உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. என்ன செய்தாள்?" பத்து நொடி காத்திருங்கள். அந்த அமைதி நமக்குத்தான் சங்கடமாக இருக்கும். பிள்ளைகள் உள்ளே தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான் அடிக்கடி செய்பவை சில. ஒரு பையன் பேசாமல் நடித்துக் காட்ட, மற்றவர்கள் சொல்லைக் கண்டுபிடிப்பது. இரண்டு புதிய சொற்களை ஒரே கேள்வியில் கட்டுவது: "ஏளனத்துக்கு ஆளான ஒருவர் அடுத்த முறை பேசத் தயங்குவாரா?" இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதால் பேச்சு நீளும், பேசப் பேசச் சொல் பழகும். பாத்திரத்திடம் கேட்பதும் நல்ல வழி: ஒரு பிள்ளை கயலாக உட்கார, மற்றவர்கள் புதிய சொல் ஒன்றை வைத்து அவளிடம் கேள்வி கேட்க வேண்டும்.

டோரதி ஃபிரேயரும் உடனிருந்தவர்களும் 1969-இல் உருவாக்கிய நான்கு கட்டப் படம் பலருக்குத் தெரிந்திருக்கும். நடுவில் சொல், சுற்றிலும் பொருள், இயல்புகள், உதாரணங்கள், உதாரணம் ஆகாதவை. நல்ல கருவிதான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதைப் போடச் சொன்னால் பிள்ளைகள் கட்டம் நிரப்பும் இயந்திரமாகிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு சொல்லுக்குப் போதும். அந்த நான்காவது கட்டம், "உதாரணம் ஆகாதவை", அதில்தான் உயிர் இருக்கிறது. மற்ற மூன்றையும் விட்டாலும் அதை விடாதீர்கள்.

வகுப்பின் ஒரு சுவரைச் சொற்களுக்குக் கொடுங்கள். வெறும் சொல்லை அச்சடித்து ஒட்டினால் இரண்டு நாளில் அது சுவராகவே ஆகிவிடும். சொல், அது வந்த கதைக் காட்சியின் சின்ன ஓவியம், பிள்ளைகள் சொன்ன ஒரு வாக்கியம், இவை மூன்றும் சேர்ந்த அட்டையாக இருக்கட்டும். ஓவியத்தைப் பிள்ளைகளே வரைய வேண்டும். அட்டைக்குக் கீழே காலி இடம் விடுங்கள். அந்தச் சொல்லை வேறு புத்தகத்திலோ யாராவது பேசும்போதோ சந்தித்தவர் அங்கே ஒரு கோடு போடலாம், எங்கே சந்தித்தார் என்று சொன்னால் மட்டும். கோடு போடுவதற்காகவே நூலகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டும் பிள்ளைகள் உண்டு.

நோட்டில் எழுதுவதைப் பற்றி ஒரு வரி. சொல்லை ஐந்து முறை எழுதி வரச் சொல்வது கையெழுத்துப் பயிற்சி. சொல் பயிற்சிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும், அது அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருந்தால்.

படி 9: பின்தங்கும் பிள்ளைகளுக்கு

படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கும் எளிய சொல் பட்டியலைத் தனியாகக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையால் ஏளனம் என்ன என்பதை நன்றாகவே உணர முடியும், சில சமயம் மற்றவர்களைவிட ஆழமாக. அதே சொல்லைக் கொடுங்கள். பாதையை மட்டும் மாற்றுங்கள். அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சைகையும் படமும் சேருங்கள். எழுதுவதற்குப் பதில் வாயால் வாக்கியம் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுக்கட்டும். வீட்டு மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன என்று கேட்டுச் சுவர் அட்டையில் அதையும் அந்தப் பிள்ளை கையாலேயே எழுத வையுங்கள்.

வேகமாகப் போகும் பிள்ளைகளுக்கு அதிகச் சொற்கள் கொடுக்க வேண்டாம். அதே சொல்லின் சாயலை ஆராயச் சொல்லுங்கள். தயங்கினாள் என்பதற்குப் பதில் நின்றாள் என்றோ பின்வாங்கினாள் என்றோ எழுதியிருந்தால் கயலைப் பற்றி நாம் நினைப்பது எப்படி மாறியிருக்கும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குத் தரும் பதில்கள் பெரியவர்களை உட்காரவைத்துவிடும்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டியது ஒரு சின்னத் துண்டுச் சீட்டு மட்டும். இந்த வாரத்தின் நான்கு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. "நீங்கள் எப்போதாவது தயங்கியிருக்கிறீர்களா என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு வா." பொருள் எழுதி வரச் சொன்னால் பெற்றோரே எழுதிக்கொடுத்துவிடுவார்கள். கேள்வி கொடுத்தால் பேச்சு நடக்கும்.

படி 10: கற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பது

பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக இரண்டும் அடையாளம் காணும் திறனை மட்டும்தான் அளக்கும். என் 26 சொல் தேர்வில் மதிப்பெண் வந்தது இதனால்தான். அதற்குப் பதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அத்தியாயத்துக்கு முன் எடுத்த விரல் கணக்கை மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். நான்கு விரல் காட்டுபவரில் இரண்டு பேரை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, சரியா தவறா என்று சொல்லிக் காரணம் கேட்கும் வாக்கியங்கள்: "பந்தயத்தில் வெல்ல நினைப்பவர் தொடக்கக் கோட்டில் தயங்க வேண்டும்." பிள்ளை சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். மூன்றாவது, எழுத்து. பத்து நாளுக்கு ஒரு முறை, கதைமாந்தர் ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் கடிதம். சுவரில் இருக்கும் சொற்களில் எந்த மூன்றை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தேர்வு அவர்களுடையது.

ஒரு சிறுமி இனியனாக இருந்து கயலுக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "அன்னைக்கு நான் ஏளனமா கேட்டேன். எனக்கும் உள்ள போகத் தயக்கமாத்தான் இருந்தது, அதை மறைக்கத்தான் அப்படிக் கேட்டேன்." நான் அவளுக்குக் கற்றுத்தந்தது இரண்டு சொற்களை. இனியனை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் அதில் கலந்து கிடக்கின்றன. அந்தக் கடிதத்தில் நான் அதைத் திருத்தவில்லை. புதிய சொல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் நாளில் வேறு எதற்கும் சிவப்பு மை வேண்டாம்.

நாவல் முடியும் நாளில் சுவர் அட்டைகளைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறோம். அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை வாசிக்கும்போது பெட்டி மேசைமேல் இருக்கும். பழைய சொல் ஒன்று புதிய கதையில் எட்டிப் பார்த்தால், கண்டுபிடித்த பிள்ளை ஓடிவந்து பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்துத் திரும்பச் சுவரில் ஒட்டலாம். போன முறை இரண்டாம் பக்கத்திலேயே "கூர்ந்து" வந்தது. நான் அந்த வரியை முடிப்பதற்குள் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள்.